சிப்பி ஸ்டவுட்

சிப்பி ஸ்டவுட் என்பது ஸ்டவுட் எனப்படும் கருநிற பியரின் ஒரு வகை ஆகும். உண்ணத்தக்க கடற்சிப்பிகளின் சதை, சாறு, ஓடு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து இது தயாரிக்கப்படுகிறது. சிப்பியே சேர்க்கப்படாமல், சிப்பி உணவுடன் அருந்தப் பொருத்தமானது என்ற பொருளில் இப்பெயரைத் தாங்கிய பியர்களும் உண்டு. இரு வகைகளையும் பெயரைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பெரும்பாலும் நாவைக் கொண்டும் பிரித்தறிய இயலாது. இதனால் இந்தப் பானத்தைச் சுவைத்து மதிப்பிடுதல் ஏனைய பியர்களை மதிப்பிடுவதை விடக் கடினமானது. சிப்பி ஒவ்வாமை உள்ளவர்களையும் புலால் உண்ணாதவர்களையும் பொறுத்தவரை, இவ்வேறுபாடு சுவையைக் கடந்த முக்கியத்துவம் உடையது.

பெயரும் பொருளும்

ஸ்டவுட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வலிமையானது, திண்மையானது என்பது பொருள். 18-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் பரவலாக அருந்தப்பட்ட போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பியரின் வலிமை மிக்க வடிவம் 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டது. காலப்போக்கில் ஸ்டவுட் என்பதே தனிப்பெயராக நிலைத்தது. இதன் கருநிறமும் காப்பியை ஒத்த கசப்பும், வறுத்த வாற்கோதுமையிலிருந்தும் வறுத்த முளைதானியத்திலிருந்தும் கிடைக்கின்றன.

தமிழில் சிப்பி என்றவுடன் முத்துச்சிப்பியே பலருக்கும் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளும் உணவுக்குப் பயன்படும் சிப்பிகளும் உயிரியல் வகைப்பாட்டில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இக்கட்டுரையில் சிப்பி என்பது உண்ணத்தக்க சிப்பியை மட்டுமே குறிக்கும்.

வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் சிப்பி மலிவான உணவாக இருந்தது. 1836-37 ஆண்டுகளில் தொடராக வெளிவந்த சார்லஸ் டிக்கன்சின் 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தில், வறுமையும் சிப்பியும் எப்போதும் சேர்ந்தே காணப்படுவதாக ஒரு பாத்திரம் கூறுகிறது. இலண்டனின் மதுவகங்களில் சிப்பியைத் தின்று போர்ட்டரோ ஸ்டவுட்டோ அருந்துவது உழைக்கும் மக்களின் வழக்கமாக இருந்தது. செல்வந்தர்களும் இதற்கு விலக்கல்லர். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி, 1837 நவம்பரில் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், கார்ல்டன் மன்றத்தில் இரவுணவாகச் சிப்பியும் கின்னசும் உண்டதைக் குறிப்பிட்டுள்ளார்.

நூற்றாண்டின் இறுதிக்குள் மிகையான அறுவடையாலும் கழிவுநீர் கலப்பாலும் இங்கிலாந்தின் சிப்பிப் படுகைகள் நலிந்தன. 1902-இல் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் நகரங்களில் நடந்த விருந்துகளில் எம்ஸ்வொர்த் கரையிலிருந்து வந்த சிப்பிகளை உண்டவர்களிடையே குடற்காய்ச்சல் பரவியது. இறந்தவர்களுள் வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவும் ஒருவர்.

சிப்பியை பியருக்கு உள்ளேயே சேர்க்கும் வழக்கம் இதற்குப் பிற்பட்டது. 1929-இல் நியூசிலாந்தில் இது தொடங்கியதாக ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் குறிப்பிட்டுள்ளார். இலண்டனின் ஹேமர்டன் பியர் ஆலை 1938-இல் சிப்பி சேர்த்த ஸ்டவுட்டைத் தயாரித்தது. பிற்காலத்தில் அயர்லாந்தின் போர்ட்டர்ஹவுஸ் ஆலை உண்மையான சிப்பியைச் சேர்த்துத் தன் சிப்பி ஸ்டவுட்டைத் தயாரித்தது. இங்கிலாந்தின் மார்ஸ்டன்ஸ் ஆலை அதே பெயரில் வெளியிட்ட பியரில் சிப்பி சேர்க்கப்படவில்லை. பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறுபட்டதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகளாகும்.

தயாரிப்பு முறை

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையும் வறுத்த வாற்கோதுமையும் உடைக்கப்பட்டு வெந்நீரில் ஊறவைக்கப்படுகின்றன. தானியத்தின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிய பின் வடிகட்டிப் பெறப்படும் இனிப்புச் சாறு, ஹாப் பூக்களுடன் கொதிக்க வைக்கப்படுகிறது. பின்னர் அது குளிர்விக்கப்பட்டு, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடப்படுகிறது. சிப்பி இரு கட்டங்களில் சேர்க்கப்படலாம்.

ஒன்று, சாறு கொதிக்கும்போது, கடைசிச் சில நிமிடங்களில் சேர்த்தல். இரண்டு, நொதித்தல் முடிந்த பின் பியர் முதிர்வதற்காக வைக்கப்படும் தொட்டியில் சேர்த்தல். முதல் முறையில் சிப்பி வெந்துவிடுகிறது. இரண்டாம் முறையில் வெப்பம் படுவதில்லை. இதன் விளைவு கீழே பாதுகாப்புப் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

ஓட்டின் பணி

சிப்பி ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். வறுத்த தானியம் அமிலத்தன்மை உடையது. அது மிகுந்தால் ஊறல் நீரின் பி.எச். மதிப்பு, சர்க்கரையாக்கத்துக்கு ஏற்ற 5.2 முதல் 5.6 வரையிலான எல்லைக்குக் கீழே இறங்கக்கூடும். கார்பனேட் இந்த அமிலத்தை ஓரளவு சமன்செய்கிறது. டப்ளின் நகரின் கார்பனேட் மிகுந்த நீர் கருநிற பியருக்கு ஏற்றதாக அமைந்ததற்கும் இதுவே காரணம். எனினும் முழு ஓடு மெதுவாகவே கரையும் என்பதால் அதன் பங்கு சிறியது.

இதை ஒத்த வேதியியல் தமிழ்நாட்டின் பனைத்தொழிலிலும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் வல்லம், செஞ்சி, திண்டிவனம் போன்ற பனை வளரும் பகுதிகளில் பதநீர் இறக்குவோர், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவர். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குவதால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக இயலாமல், சாறு நொதிக்காது பதநீராக நிற்கிறது. சுண்ணாம்பு பூசாத கலயத்தில் அதே சாறு கள்ளாகிறது. கடற்கரைகளில் கிளிஞ்சலைச் சுட்டே சுண்ணாம்பு எடுக்கப்பட்டு வந்தது. சுடாத ஓடு கார்பனேட். சுட்டு நீர் தெளித்தால் அது ஹைட்ராக்சைடு. பின்னது பன்மடங்கு வலிய காரம் என்பதால் நொதித்தலையே தடுக்கிறது. முன்னது வலிமை குறைந்தது என்பதால் புளிப்பை மட்டும் தணிக்கிறது.

சதை மற்றும் சாற்றின் பணி

சிப்பிச் சாற்றில் உப்பும், சதையில் குளூட்டமேட் போன்ற அமினோ அமிலங்களும் உள்ளன. ஆயினும் பியரில் சேரும் அளவு மிகக் குறைவு. ஒரு கணக்கு இதை விளக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதே உப்பளவுள்ள சிப்பிச் சாறு 1 லிட்டரை 100 லிட்டர் பியரில் கலந்தால், பியரில் கூடும் உப்பு லிட்டருக்கு 0.35 கிராம் மட்டுமே. இது நாவில் உப்பாக உணரப்படுவது அரிது. ஆனால் சிறிதளவு உப்பு கசப்பை மட்டுப்படுத்தி இனிப்பை முன்னிறுத்தும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பிடும் வழக்கமும் இதன் அடிப்படையிலானதே. எனவே சிப்பியின் விளைவு பெரும்பாலும் ஒரு தனிச் சுவையாக அன்றி, வறுத்த தானியக் கசப்பின் கூர்மை குறைந்த நிலையாகவே வெளிப்படுகிறது.

இலங்கையின் ஸ்டவுட்

தமிழர் வாழும் நிலப்பகுதிகளில் நெடிய ஸ்டவுட் மரபு உடையது இலங்கை. பிரித்தானியப் பயணி சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தபோது அங்கு சிறிய அளவில் பியர் தயாரித்ததாகக் கூறப்படுகிறது. 1881-இல் அங்கு வணிக முறையிலான பியர் ஆலை நிறுவப்பட்டது. சிலோன் பியர் ஆலை எனப்பட்ட இந்நிறுவனத்தின் வழிவந்த லயன் பியர் ஆலை, 1990களின் இறுதியில் உற்பத்தியைக் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாற்றியது. 2016 மே மாத வெள்ளத்தில் இவ்வாலை மூழ்கியதால் உற்பத்தி சில மாதங்கள் தடைபட்டது.

இதன் லயன் ஸ்டவுட்டில் சிப்பி சேர்க்கப்படுவதில்லை. ஆனால் கருநிற ஸ்டவுட்டை மதிப்பிடக் கற்போருக்கு இது உலக அளவில் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் பியர் ஆகும். மைக்கேல் ஜாக்சன் தம் எழுத்துகளில் இதைப் பாராட்டியதால் மேற்கு நாடுகளிலும் அறியப்பட்டது. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம், 2015-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் வெப்பமண்டல ஸ்டவுட் என்பதைத் தனி வகையாக அறிவித்தது. அதன் எடுத்துக்காட்டுகளுள் லயன் ஸ்டவுட்டும் ஒன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த ஏற்றுமதி ஸ்டவுட்டைப் பின்பற்றி, உள்ளூர்ச் சர்க்கரையும் லாகர் ஈஸ்ட்டும் கொண்டு வெப்பமான சூழலில் தயாரிக்கப்பட்டதால் இவ்வகை உருவானது. அயர்லாந்து ஸ்டவுட் உலர்ந்த கசப்புடையது. மதுசாரம் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு. வெப்பமண்டல ஸ்டவுட் இனிப்பும் பழவாசனையும் உடையது, மதுசாரம் 5.5 முதல் 8 விழுக்காடு. லயன் ஸ்டவுட்டின் மதுசாரம் இந்த எல்லையின் மேல்முனையை ஒட்டியது. அதைத் தாண்டி 8.8 விழுக்காடு எனக் குறித்த புட்டிகளும் விற்கப்பட்டுள்ளன.

இந்த ஒப்பீடு நடுவருக்கு இன்றியமையாதது. அயர்லாந்து வகையின் அளவுகோலால் அளந்தால் லயன் ஸ்டவுட்டின் இனிப்பு ஒரு குறை. வெப்பமண்டல வகையின் அளவுகோலால் அளந்தால் அதுவே இயல்பு. சிப்பி ஸ்டவுட்டை மதிப்பிடும் முன்பும், அதன் அடிப்படை எந்த வகை ஸ்டவுட் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

சுவைத்து மதிப்பிடும் முறை

மேற்கூறிய நடுவர் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். அவை பின்வருமாறு பகுக்கப்பட்டுள்ளன.

- மணம்: 12
- தோற்றம்: 3
- சுவை: 20
- வாயுணர்வு: 5
- ஒட்டுமொத்த மதிப்பீடு: 10

45-உம் அதற்கு மேலும் பெற்றவை தலைசிறந்தவை எனவும், 38 முதல் 44 வரை மிகச் சிறந்தவை எனவும், 30 முதல் 37 வரை மிக நல்லவை எனவும், 21 முதல் 29 வரை நல்லவை எனவும் கொள்ளப்படுகின்றன. 13-உம் அதற்குக் கீழும் பெற்றவை பெருங்குறை உடையவை. தோற்றத்துக்கு 3 புள்ளிகள் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. கருமை கண்ணைக் கவர்ந்தாலும் தரத்தில் அதன் பங்கு சிறிது.

மணம்: குவளையில் ஊற்றியவுடன் முகரப்படுகிறது, ஏனெனில் எளிதில் ஆவியாகும் மணங்கள் முதல் சில நொடிகளிலேயே மறைந்துவிடும். வறுத்த காப்பிக்கொட்டை, கருஞ்சாக்லேட், கருகிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் இயல்பானது. சிப்பி ஸ்டவுட்டில் மெல்லிய கடற்காற்று மணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தோற்றம்: ஸ்டவுட் கருப்பாகத் தெரியினும், குவளையைச் சாய்த்து ஒளிக்கு நேரே பிடித்தால் விளிம்பில் செம்மை தென்படும். நுரையின் நிறமும் நிலைக்கும் நேரமும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.

சுவை: சிறு வாய் அருந்தி, நா முழுதும் பரவச் செய்து, விழுங்கிய பின் எஞ்சும் சுவையையும் நடுவர் கவனிக்கிறார். வறுத்த கசப்பும் ஹாப் கசப்பும் வேறானவை. முன்னது காப்பியின் கசப்பைப் போன்றது. பின்னது வேம்பு போன்ற தாவரக் கசப்பை ஒத்தது.

வாயுணர்வு: பானத்தின் தடிமன், வளிமத்தின் குறுகுறுப்பு, துவர்ப்பு, மதுசாரத்தின் சூடு ஆகியன இதில் அடங்கும். நுரை மிகுந்த சில ஸ்டவுட்களின் குழைவான தன்மைக்கு நைட்ரசன் வளிமமே காரணம், பால் அன்று.

ஒட்டுமொத்த மதிப்பீடு: கூறுகள் தம்முள் இயைந்துள்ளனவா என்பதும், பியர் தன் வகைக்குப் பொருந்துகிறதா என்பதும் இங்கு கருதப்படும்.

ஸ்டவுட்டை மிகக் குளிர்ந்த நிலையில் சுவைத்தால் மணமும் இனிப்பும் மறைந்து கசப்பே மிஞ்சும். எனவே மதிப்பீட்டின்போது ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியசு வெப்பநிலை பொருத்தமானது. நடுவருக்குச் சில வாய் அளவே போதுமானது. இடையில் நீரும் உப்பில்லாத ரொட்டியும் எடுத்துக்கொள்ளப்படும். உப்பு ரொட்டி உண்டபின் சிப்பி ஸ்டவுட்டின் மெல்லிய உப்பைக் கண்டறிய இயலாது.

பொதுவான குறைகள்

- வெண்ணெய் மணம்: டையசெட்டைல் என்ற சேர்மத்தால் உண்டாவது. நொதித்தல் முழுமையடையாததைக் காட்டக்கூடும்.
- பச்சை ஆப்பிள் மணம்: அசிட்டால்டிகைடால் உண்டாவது. இளம் பியரில் காணப்படும்.
- ஈர அட்டை மணம்: ஆக்சிசன் பட்டுப் பழையதானதன் அடையாளம்.
- காடிப் புளிப்பு: பாக்டீரியா கலப்பு.
- சோயா குழம்பு அல்லது இறைச்சிச் சாற்றின் மணம்: ஈஸ்ட் செல்கள் இறந்து சிதைந்ததால் வருவது. இதைச் சிப்பியின் சுவை எனப் புதியவர்கள் தவறாகக் கொள்வதுண்டு.
- மீன் கவிச்சி, அழுகிய முட்டை மணம்: கெட்ட சிப்பியால் வந்திருக்கலாம். பெயரில் சிப்பி இருப்பதால் இது மன்னிக்கத்தக்கதன்று.

சிப்பியைக் கண்டறியும் சோதனை

புட்டியில் 'சிப்பி' என்று எழுதியிருந்தால் சுவைப்பவர் கடலைத் தேடுவார். தேடியதைக் காணவும் செய்வார். இந்த எதிர்பார்ப்பை நீக்க முக்கோணச் சோதனை பயன்படுகிறது. ஒரே இனிப்புச் சாறு இரண்டாகப் பகுக்கப்பட்டு, ஒன்றில் மட்டும் சிப்பி சேர்க்கப்படும். ஏனைய அனைத்தும் ஒன்றாகவே இருக்கும். சுவைப்பவருக்கு மூன்று குவளைகள் தரப்படும். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. மாறுபட்டது எது என்பதை மட்டும் அவர் கூற வேண்டும்.

வெறும் ஊகத்தாலேயே மூவரில் ஒருவர் சரியாகக் கூறிவிடுவர். ஆகவே சரியான விடைகள் ஊகத்தின் அளவைத் தெளிவாகத் தாண்டினால்தான் வேறுபாடு உண்டெனக் கொள்ளலாம். தற்செயலுக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைந்த வாய்ப்பே இருக்கவேண்டும் என வரையறுத்தால், 12 பேரில் 8 பேரும், 24 பேரில் 13 பேரும் சரியாகக் கூறவேண்டும். இவ்வெண்ணிக்கை எட்டப்படாவிட்டால் வேறுபாடு நிறுவப்படவில்லை என்பதே பொருள். வேறுபாடே இல்லை என்பது பொருளன்று.

மூன்றாவதாக ஒரு பகுதியில் சிப்பிக்கு மாற்றாகச் சமஅளவு உப்பை மட்டும் சேர்த்துச் சோதித்தால் மேலும் தெளிவு கிடைக்கும். சிப்பி சேர்த்ததையும் உப்பு சேர்த்ததையும் போதிய எண்ணிக்கையினர் பிரித்தறிய முடியாதபோது, உணரப்பட்ட விளைவு உப்பினுடையதாகவே இருக்க வாய்ப்பு மிகுதி.

பாதுகாப்பும் ஒவ்வாமையும்

சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிரி. ஆகவே நீரில் உள்ள நோய்க்கிருமிகள் அதன் உடலில் சேர்கின்றன. விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகுபவை. அவற்றுள் சில உயிருக்கு ஆபத்தானவை. ஓடு நீக்கிய சிப்பியைக் குறைந்தது 3 நிமிடங்கள் கொதிக்க வைக்கவேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. கொதிக்கும் சாற்றில் சிப்பியைச் சேர்க்கும் முறை இதை எளிதில் நிறைவு செய்கிறது. முதிர்வுத் தொட்டியில் பச்சையாகச் சேர்க்கும் முறையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பியரில் உள்ள மதுசாரம் கிருமிகளை உறுதியாகக் கொல்லும் அளவினதன்று.

ஒவ்வாமை இதிலிருந்து வேறானது. மெல்லுடலிகளின் முதன்மையான ஒவ்வாமைப் புரதமான டிரோப்போமையோசின் வெப்பத்தைத் தாங்கக்கூடியது. கொதித்தல் கிருமியை அழித்தாலும் ஒவ்வாமையை நீக்காது. சிப்பி சேர்ந்திருப்பதை நாவால் உணர முடியாத நிலையிலும் சிலருடைய உடல் அதை உணரும். இதனால் புட்டியின் முகப்புச்சீட்டே ஒரே பாதுகாப்பாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களுள் மெல்லுடலிகளும் அடங்கும். அமெரிக்கச் சட்டத்தின் முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகள் மட்டுமே உள்ளன, சிப்பி இடம்பெறவில்லை. ஆகவே ஒரு நாட்டின் புட்டியில் எச்சரிக்கை இல்லை என்பதைக் கொண்டு சிப்பி இல்லை என முடிவு செய்ய இயலாது.

புலால் உண்ணாதவர்களுக்கு மற்றொரு செய்தியும் பொருந்தும். பெயரில் சிப்பி இல்லாத பியர்களிலும் தெளிவுக்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ் என்ற பொருள் பயன்படுத்தப்பட்டதுண்டு.

ஸ்டவுட் உடலுக்கு வலுவூட்டும் என்ற நம்பிக்கை, 1929-இல் தொடங்கிய கின்னஸ் விளம்பரங்களால் பரவியது. ஸ்டவுட்டில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மதுபானங்கள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் வகைப்படுத்தியது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றமாகும்.

தமிழகக் கடற்கரையில் சிப்பி

பழவேற்காடு, எண்ணூர், தூத்துக்குடி முதலிய உப்பங்கழிகளிலும் கழிமுகங்களிலும் உண்ணத்தக்க சிப்பிகள் இயற்கையாக வளர்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களில் தூத்துக்குடியில் சிப்பி வளர்ப்பு முறைகளை உருவாக்கியது. பின்னர் கேரளத்தின் அஷ்டமுடி போன்ற கழிகளில் வளர்ப்பு பரவியது. எனினும் தமிழ்நாட்டில் சிப்பி பரவலான உணவாக அமையவில்லை. ஓடே சுண்ணாம்புக்காக மிகுதியும் பயன்பட்டது. கள் இறக்குதல் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டது. சுண்ணாம்பிட்ட பதநீர் தொடர்ந்து இறக்கப்பட்டு வருகிறது.